அரைச்சுரம் கீழே

வியாழன் மாலை ஏழு மணி.
ஹாப்சலுவில், தீயணைப்பு நிலையத்தின் மாடியறை.
கீழே வண்டிகளின் ரப்பர் வாடை.
மேலே நாங்கள் ஐந்து பேர், ஒரு பியானோ.
அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது.
எது என்று எல்லோருக்கும் தெரியும்.
விரல்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டன.

சொல்லித் தரும் மெர்லேவுக்கு இருபத்தாறு வயது.
எங்களில் சின்னவள் நான், நாற்பத்தொன்று.
"கண்ணை மூடுங்கள்" என்பாள்,
இரண்டு சுரம் தட்டுவாள்.
பெரிய மூன்றா, சின்ன மூன்றா?
பெரியதென்றால் கை தூக்க வேண்டும்.
கண் மூடியிருந்தாலும்
பக்கத்துக் கம்பளிச் சட்டையின் சரசரப்பில்
விடையைத் திருடலாம்.
திருடியிருக்கிறேன்.

ஹில்லருக்குத் திருடவும் வராது.
படகுத்துறையில் பதினெட்டு வருடம், எஞ்சின் அறை.
ஒரு வால்வு தேய்ந்திருந்தால்
ஏணியில் பாதி இறங்கும்போதே சொல்லிவிடுவான்.
இந்த மூன்றில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்பான்.
"ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு,
எதில் நுழைந்தாலும் அதே சமையலறை" என்பான்.
மெர்லே சிரிக்க மாட்டாள்.
மறுபடி தட்டுவாள்.

வைகே செயற்கைப் பல் செய்கிறவள்.
மெழுகில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண்;
நாலுவரை எண்ணுவதற்குள் தடுக்கி விழுகிற கால்.
வலக்கையில் மூன்று, இடக்கையில் இரண்டு,
ஒரே அளவு நேரத்துக்குள் தட்டச் சொன்ன அன்று
மேசைமேல் தலையை வைத்துவிட்டாள்.
ஊலோதான் கண்டுபிடித்தான்:
மீன் சுடு வா.
மீனுக்கு இரண்டு கையும்.
சு வலது. டு இடது. வா வலது.
மீன் சுடு வா, மீன் சுடு வா.
பத்து நிமிடத்தில் வைகே தட்டினாள்,
நிறுத்தத் தெரியாமல் தட்டினாள்,
கீழேயிருந்து காவல்முறைக்காரர் வந்து
எங்கே மீன் என்று கேட்கும்வரை.

பிப்ரவரியில் விரிகுடா முழுக்க உறைந்தது.
அன்று பியானோவை மூடிவிட்டு
நாலு குரல் பாட்டொன்றைத் துணையின்றிப் பாடினோம்.
இசைக்கவையை ஒருமுறை தட்டி
தொடக்கத்தை மட்டும் கொடுத்தாள்.
மூன்று பக்கம்.
லெம்பி கீழ்க்குரலைப் பாறைபோல் பிடித்திருந்தாள்.
கடைசிக் கூட்டுச்சுரம் பொருந்திய விதத்தில்
ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
யாரும் மூச்சு விடவில்லை.
ஊலோ மூக்கைத் துடைத்துக்கொண்டான், சளி என்றான்.

மெர்லே இசைக்கவையைத் தட்டி
மேசைமேல் ஊன்றினாள்.

அரைச்சுரம் கீழே இருந்தோம்.
முழுதாக அரைச்சுரம்.

யார் என்றுதான் முதலில் தேடினோம்.
ஊலோ ஹீட்டர் குழாயின் ரீங்காரத்தைச் சொன்னான்.
நான் வைகேயைப் பார்த்தேன்,
வைகே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மெர்லே தன் போனில் பதிந்ததைப் போட்டாள்.
தனியாக யாரும் வழுக்கவில்லை.
மின்சாரம் போன வீட்டில்
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் படியிறங்குவதுபோல
சேர்ந்தே இறங்கியிருந்தோம்,
ஒரு படியும் சத்தம் போடாமல்.

"ஒருவரை ஒருவர் கேட்டீர்கள், அது நல்லது" என்றாள்.
"ஏறும்போது நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் ஏறுங்கள்.
இறங்கும்போது கொஞ்சம் கஞ்சத்தனம்."
பலகையில் எதுவும் எழுதவில்லை.
மறுபடி முதல் பக்கம்.
இரண்டாம் முறை
சரியாக நின்றோம், ஆனால் அசிங்கமாக,
ஆளாளுக்குத் தன் சுரத்தைக்
கையிடுக்கில் இறுக்கிக்கொண்டு.
ஜன்னல் பேசாமல் இருந்தது.

மறுநாள் மருந்துக்கடையில்
இருமல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
ஹில்லரிடமிருந்து குரல்செய்தி.
பின்னால் காற்று, சங்கிலி உரசும் சத்தம்.
வண்டித்தளத்துக் கதவு மூடும்போது
எச்சரிக்கை மணி இரண்டு சுரம் அடிக்குமாம்,
பதினெட்டு வருடமாக அடிக்கிறதாம்.
தொண்டையைச் செருமினான்.
மேலே ஒன்று, கீழே ஒன்று, தானே பாடிக் காட்டினான்.
"சின்னது. சரியா?"

நாலு முறை போட்டுக் கேட்டேன்,
வாடிக்கையாளர் ஒருவர் காத்திருக்க.
சின்னதுதான் என்று எழுதி அனுப்பினேன்.

மணியும் பின்னால் கேட்டது.
அதைவிடக் கொஞ்சம் இறக்கித்தான் பாடியிருந்தான்.
அதை எழுதவில்லை.